பெங்களூரில் உயிர் இரை: மண்ணைக் கிளறினால் புழுவைத் தவிர எல்லாம் வருகிறது

கும்பகோணத்துக் கெண்டை:

வணக்கம். வேலை மாற்றலில் கே.ஆர்.புரம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஊரில் இருந்தவரை தூண்டிலுக்கு இரை தேடுவது ஒரு வேலையாகவே தோன்றியதில்லை. கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் மண்வெட்டியை ஒரு போடு போட்டால் கொட்டாங்குச்சி நிறையப் புழு கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு அரசலாற்றுப் பக்கம் போய்விடுவோம்.

இங்கே ஓசூர் தாண்டி ஒரு தனியார் குட்டை இருக்கிறது. காசு கட்டினால் தூண்டில் போட விடுகிறார்கள். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் விட்டிருக்கிறார்கள். மைதா உருண்டை போட்டுப் பார்த்தேன். பொடி மீன்கள் கொத்தியே கரைத்துவிடுகின்றன, தக்கை ஆடுவதோடு சரி. மண்புழு கோர்த்தால்தான் சரிப்படும் என்று தோன்றியது.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்பக்கம் ஏசி தண்ணீர் சொட்டி எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மூலை உண்டு. காவலாளி அண்ணனைக் கேட்டுக்கொண்டு மகனோடு போய்க் கிளறினேன். முதலில் வந்தது கன்னங்கரேல் என்று, பளபளப்பாக, மெலிந்த ஒன்று. புழு என்று விரலில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, நுனியால் சுருக்கென்று குத்துகிறது. ராய்ச்சூர்க்காரரான காவலாளி அண்ணன் ‘ஹாவு, ஹாவு’ என்று கத்திக்கொண்டு நாலடி பின்னால் போய்விட்டார். பையன் சந்தோஷத்தில் குதிக்கிறான். தொட்டிச் செடியைத் தூக்கினால் அடியில் இன்னொன்று. தலை அரைவட்டமாக, தட்டையாக இருந்தது. உடம்பில் கோடு கோடாக, ஒரே பிசுபிசுப்பு. மண்புழு என்று பார்த்தால் நோஞ்சான் போல இரண்டோ மூன்றோதான்.

இவை என்ன? தொட்டது ஆபத்தா? இந்த ஊரில் தூண்டில் போடுகிற தமிழ் ஆட்கள் இரைக்கு எங்கே போகிறீர்கள்?

சிவாஜிநகர் சுரேஷ்:

எதற்கு அண்ணே இந்தப் பாடு? ரசல் மார்க்கெட்டில் கோழிக் குடலும் பொடி இறாலும் கிடைக்கும். வாங்கி ஒரு நாள் வெயிலில் வைத்து நாற விடுங்கள். கெளுத்தி தானாக வரும். ஜிலேபிக்கு பிரெட்.

மர்ஃபி டவுன் தாத்தா:

சுரேஷ் தம்பி சொன்னது கெளுத்திக்குச் சரி. ஆனால் கேட்டவர் கேட்டது உயிர் இரை. நாற வைத்த குடலைக் காரில் வைத்து ஓசூர் தாண்டிப் போனால், அதற்கப்புறம் வீட்டில் யாரும் அந்தக் காரில் ஏற மாட்டார்கள்.

கும்பகோணத்துத் தம்பி, முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். நீங்கள் பிடித்தது புழுப்பாம்பு. காவலாளி சொன்னது சரிதான், பாம்புதான். ஆனால் விஷம் கிடையாது. அதன் வாய் இருக்கிற அளவுக்கு நம்மைக் கடிக்கவும் முடியாது. பேனா ரீஃபில் பருமன், நீளம் ஒரு சாணுக்குள்தான். எறும்பு, கறையான் இவற்றின் முட்டையும் குஞ்சும்தான் அதற்குச் சாப்பாடு. குத்தியது பல் இல்லை, வால் நுனியில் இருக்கிற சின்ன முள். மண்ணுக்குள் நகர அதை ஊன்றிக்கொள்ளும், கையில் பிடித்தாலும் அதையேதான் செய்யும். காதுக்குள் புகுந்துவிடும் என்று சின்ன வயதில் எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அதெல்லாம் கட்டுக்கதை.

இதில் பெரிய ஆச்சரியம் வேறு. இந்த இனத்தில் ஆணே கிடையாது. உலகத்தில் இதுவரை பார்த்ததெல்லாம் பெண்தான். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். அதனால்தான் பூந்தொட்டி மண்ணோடு ஒன்றே ஒன்று கப்பலேறிப் போனாலும் அந்த நாட்டில் பெருகிவிடுகிறது. மியாமி, ஹவாய் வரைக்கும் போயிருக்கிறதாம். பையனிடம் சொல்லுங்கள், ரசிப்பான்.

மண்புழுவா புழுப்பாம்பா என்று எடுப்பதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிடலாம். மண்புழுவுக்கு உடம்பு முழுக்க வளையம் இருக்கும், நீண்டு சுருங்கி நகரும். முதிர்ந்த புழு என்றால் தலைப்பக்கம் தடித்த பட்டை ஒன்று தெரியும். புழுப்பாம்புக்கு வளையம் இல்லை. பார்வைக்கு எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும், தொட்டால் ஈரமே இருக்காது. பாம்பு மாதிரியே வளைந்து வளைந்து ஓடும். உற்றுப் பார்த்தால் நாக்கை நீட்டுவதும் தெரியும். அதைத் தூண்டிலில் கோர்க்க வேண்டாம், மண்ணில் விட்டுவிடுங்கள்.

இரண்டாவதாக வந்ததுதான் கெட்டது. அந்த அரைவட்டத் தலைக்காரன் ஒரு தட்டைப்புழு. சுத்தியல் தலைப் புழு என்பார்கள். அவனுக்குச் சாப்பாடே மண்புழுதான். மண்புழுமேல் ஏறிப் பிசினால் ஒட்டிக்கொண்டு அப்படியே கரைத்துக் குடித்துவிடுவான். அந்த மூலையில் புழுக்கள் நோஞ்சானாக இருந்ததற்கு அவன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் என் சந்தேகம் அவன்மேல்தான். இந்த வகைப் புழுக்கள் சிலவற்றில் பேத்தை மீனில் இருக்கிற அதே விஷத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தொட்டதால் ஒன்றும் ஆகிவிடாது, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஆனால் மண்வெட்டியால் வெட்டிப் போடாதீர்கள். துண்டு ஒவ்வொன்றும் தனிப் புழுவாக வளரும். மூடி போட்ட டப்பாவில் குச்சியால் தள்ளி, மேலே ஒரு பிடி கல்லுப்பு போடுங்கள். கதை முடிந்தது.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். ஆகாது. தலைப்பக்கம் நல்ல நீளம் மிஞ்சினால் அது பிழைக்கலாம், வால் துண்டு செத்துத்தான் போகும்.

எங்கே கிடைக்கும் என்பதற்கு வருகிறேன். என் அப்பா அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் படையில் வேலை பார்த்தவர். எங்களுக்கு விவரம் தெரிந்த நாளில் ஏரிக்கரையோரம் ஈரமில்லாத இடமே கிடையாது, கையாலேயே தோண்டிவிடலாம். இப்போது எல்லாம் சுவரும் வேலியும் கான்கிரீட்டும். உங்கள் பக்கத்திலேயே வழி இருக்கிறது. கே.ஆர்.புரம் பழைய ஊர்ப்பக்கம் உள்ளே நடந்து பாருங்கள், இன்னும் மாடு கட்டியிருக்கிற வீடுகள் தெரியும். சாணிக் குவியலில் நடுவில் தோண்டாதீர்கள், அங்கே சூடு. குவியலின் ஓரத்தில், மண்ணோடு சேர்கிற இடத்தில் கிளறினால் ஊதா மினுமினுப்போடு துள்ளுகிற மெல்லிய புழு வரும். ஊசியில் கோர்த்த பிறகும் நெளிவதை நிறுத்தாது. ஜிலேபிக்கு அதைவிட நல்ல இரை நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முடிந்தால் அரை லிட்டர் பாலாவது வாங்குங்கள். அடுத்த முறை அவரே கூப்பிட்டுக் கொடுப்பார்.

கோடையில் செம்மண்ணைத் தோண்டி முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். மண் காய்ந்தால் புழு ஆழத்துக்குப் போய்விடும். சில வகைப் புழுக்கள் சின்ன உருண்டையான அறை செய்து, அதற்குள் முடிச்சு மாதிரி சுருண்டு மழை வரும்வரை தூங்கும். ஏப்ரல், மே மாதம் மாலையில் இடியோடு ஒரு மழை கொட்டுமே, அதற்கு மறுநாள் விடியற்காலை போங்கள். செப்டம்பர், அக்டோபரில் தோண்டவே வேண்டாம், நடைபாதை ஓரத்தில் பொறுக்கலாம்.

பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிப் பக்கத்துச் சாக்கடை மண்ணில் கொழுத்த புழு நிறைய இருக்கிறது என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். 2017ல் தீப்பிடித்து எரிந்த ஏரி பெல்லந்தூர். மண்ணில் இருக்கிற ஈயம், காட்மியம் எல்லாம் புழுவின் உடம்பில் சேர்ந்துவிடும். அந்தப் புழுவைத் தின்ற மீனைத்தானே நாம் குழம்பு வைக்கப் போகிறோம்?

இனி ஒரு கண்டிப்பான விஷயம். கல்லையோ காய்ந்த இலைக் குவியலையோ கையால் புரட்டாதீர்கள். பையனையும் புரட்ட விடாதீர்கள். புழுப்பாம்பு வந்த இடத்தில் கண்ணாடி விரியன் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெங்களூரில் காலி மனைகளிலும் தோட்டங்களிலும் அது சாதாரணம். நீளக் கைப்பிடி வைத்த களைக்கொத்தியால் கல்லை உங்கள் பக்கமாக இழுத்துச் சாய்க்க வேண்டும். அப்போது உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாக ஓடும், உங்களுக்கும் அதற்கும் நடுவில் கல் இருக்கும். பூரானும் தேளும் எனக்கு இந்த முறையில்தான் தெரிந்திருக்கின்றன, ஒன்றும் கையில் ஏறியதில்லை. பாம்பு கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். கையைக் காலை ஆட்டாமல் 108க்குப் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும்.

மண்புழுவோடு நின்றுவிடாதீர்கள். குட்டைக்காரரைக் கேட்டுக்கொண்டு, குட்டை ஓரத்துச் சேற்றை ஒரு பழைய கொசுவலைத் துண்டில் அள்ளிப் பாருங்கள். அங்கே இருக்கிற மீன் தினமும் எதைத் தின்கிறது என்பது அந்த வலையில் தெரிந்துவிடும். தும்பியின் குஞ்சு வரும். அது தண்ணீருக்குள் வாழ்கிற காலத்தில் கீழ்த்தாடையை மடித்து வைத்திருந்து சடக்கென்று நீட்டி இரை பிடிக்கும். சில நேரம் பழுப்பு நிறத்தில் தட்டையான பூச்சி ஒன்று, முதுகு முழுக்க முட்டை ஒட்டிக்கொண்டு வரும். எல்லாரும் அதைத் தாய்ப்பூச்சி என்று நினைப்பார்கள். அது அப்பன். பெண் பூச்சி முட்டையை அவன் முதுகில் ஒட்டிவிட்டுப் போய்விடும். பொரிகிறவரை சுமப்பதும், அவ்வப்போது மேலே வந்து முட்டைக்குக் காற்றுக் காட்டுவதும் அவன் வேலை. அவனை இரையாகப் போட எனக்கு மனது வருவதில்லை. தவிரவும் அந்தப் பூச்சி கடித்தால் குளவி கொட்டியது போல ஆகும், வெறும் கையால் தொடாதீர்கள்.

ஈரமான கரையில் விரல் பருமனுக்கு மண் மேடு தட்டி ஓடுகிற சுரங்கப் பாதை தெரிந்தால் அது பிள்ளைப்பூச்சி. உள்ளங்கையில் மூடிப் பிடித்துப் பாருங்கள், முன்னங்காலால் விரல் இடுக்கைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அவ்வளவு சின்ன உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறதோ. கெளுத்திக்கும் விராலுக்கும் அது அல்வா.

இன்னும் எழுதலாம், மருமகள் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

மாடித்தோட்டம் மாலா:

தாத்தா எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். நான் மீன் பிடிப்பவள் இல்லை, ஹொரமாவில் மொட்டைமாடியில் செடி வளர்ப்பவள். ஆனால் கேட்டவர் தேடுகிற பொருள் என் வீட்டில் கூடை கூடையாக இருக்கிறது.

பெங்களூரில் ஈரக் குப்பையைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று ஆன பிறகு நிறையப் பேர் வீட்டிலேயே உரம் போடுகிறோம். சமையலறைக் குப்பை கொஞ்சம் ஈரம் கூடினால் ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது உள்ளே முழுக்கத் தடித்த, வெளிர்பழுப்புப் புழு நெளியும். முதன்முதலில் பார்த்தபோது மூடியைப் போட்டுவிட்டு நான் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். அது கறுப்புப் படைவீரன் ஈ என்கிற பூச்சியின் புழு. வீட்டு ஈ மாதிரி உணவில் உட்கார்ந்து நோய் பரப்பாது. வளர்ந்த ஈ பார்க்கக் குளவி மாதிரி இருக்கும், ஆனால் கொட்டவும் கடிக்கவும் அதற்கு வழி இல்லை. குப்பையைக் கரைப்பதில் மண்புழுவைவிட வேகம். முதிர்ந்ததும் கறுப்பாக மாறி, தானாகவே கூடையை விட்டு ஏறி வெளியே காய்ந்த இடம் தேடிப் போகும். அந்த நேரத்தில் கூடைக்கு அடியில் ஒரு தட்டு வைத்தால் சுத்தமாகப் பொறுக்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் என்னிடம் வாங்கிப் போய் ஜிலேபி பிடிக்கிறார். கோழி வளர்ப்பவர்களும் கேட்கிறார்கள்.

மண்புழு உரம் விற்பவர்களிடம் புழு வாங்கினால் எது என்று கேட்டு வாங்குங்கள். சிவப்பில் மஞ்சள் வரி போட்ட புழு ஒன்று உண்டு. அதைக் குத்தினால் மஞ்சளாக ஒரு திரவம் கசியும், நாற்றம் தாங்காது. சில மீன்கள் அதைத் துப்பிவிடுகின்றன என்று அந்த அண்ணன் சொன்னார். ஆப்பிரிக்கப் புழு என்று பெரிதாக, ஊதா பளபளப்போடு ஒன்று விற்கிறார்கள். அதுதான் அவருக்குப் பிடித்தது.

கும்பகோணத்துக் கெண்டை:

தாத்தா, மாலா அக்கா, இருவருக்கும் நன்றி. பையனுக்குப் புழுப்பாம்பு கதையைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, டீச்சர் நம்பவில்லை என்று கோபமாக வந்து நிற்கிறான்.

இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். ஊரில் விராலுக்குச் சின்னத் தவளையைக் கோர்ப்போம். குட்டையில் விராலும் இருக்கிறதாம். அங்கே தவளை போடலாமா? மிச்சமாகிற உயிர் இரையை என்ன செய்வது? அப்புறம், சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு மேலே வந்துவிடும் என்று இங்கே ஒருவர் சொன்னார். உண்மையா?

மர்ஃபி டவுன் தாத்தா:

தவளை வேண்டாம் தம்பி. ஊரில் செய்ததை நானும் செய்தவன்தான், அது வேறு காலம். தவளைக்கால் ஏற்றுமதியையே 1987ல் நிறுத்திவிட்டார்கள். பிடிக்கப் பிடிக்க வயலில் பூச்சி பெருகுகிறது என்று பேச்சு வந்த பிறகு எடுத்த முடிவு அது. பெரிய தவளைக்கு வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு, குட்டியாக இருக்கும்போது எது எந்தத் தவளை என்று யார் பார்த்துச் சொல்வது? விராலுக்கு அந்தக் குட்டையிலேயே பிடித்த ஜிலேபிக் குஞ்சு போதும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் மட்டும் தூண்டில் ஊசியை ஏற்றுங்கள். முதுகெலும்பில் பட்டால் உடனே செத்துவிடும். புல் ஓரமாக, ஈயக்குண்டு இல்லாமல் விடுங்கள்.

அந்தக் குஞ்சை வேறு ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம், மிச்சத்தை இன்னொரு தண்ணீரில் கொட்டவும் வேண்டாம். ஜிலேபி, ஆப்பிரிக்கக் கெளுத்தி, மீன்தொட்டியில் கண்ணாடி சுத்தம் செய்ய விடுகிற அந்தக் கறுப்புக் கெளுத்தி, எல்லாம் இப்படி யாரோ விட்டு வந்தவைதான். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000ல் தடையே போட்டார்கள். இன்னமும் ஏரியை வற்றவிட்டால் அதுதான் புரளுகிறது.

சோப்புத் தண்ணீர் ஊற்றினால் புழு வரும், நிஜம்தான். தோல் எரிவது தாங்காமல் ஓடி வரும். தோலாலேயே மூச்சு விடுகிற பிராணி, பாவம். ஆனால் அந்த வாசனை புழுவில் தங்கும், மீன் தொடாது. மண்ணும் கெடும். அவசரத்துக்குக் கடுகை அரைத்து ஒரு வாளித் தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள், அதற்கும் வரும். வந்தவுடன் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

சேர்த்து வைக்க, ஓட்டை போட்ட டப்பாவில் நனைத்துப் பிழிந்த தென்னை நார் போதும். தண்ணீர் தேங்கக் கூடாது, வெயில் படக் கூடாது. ஒரு நாள் நாரில் கிடந்தால் வயிற்று மண்ணைக் கழித்துவிட்டுத் தோல் கெட்டிப்படும், ஊசியில் ஏற்றும்போது பிய்யாது. வழுக்கினால் உலர்ந்த மண்ணில் ஒரு புரட்டுப் புரட்டிக் கோர்க்கலாம்.

போவது தனியார் குட்டை என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நகரத்து ஏரி என்றால் மாநகராட்சிப் பலகையைப் படியுங்கள், பல இடங்களில் தூண்டிலுக்கு அனுமதி இல்லை. சில ஏரிகளில் மீன்பிடிக் குத்தகை எடுத்தவர் இருப்பார், அவரைக் கேட்காமல் உட்கார்ந்தால் சண்டைதான். பீமேஸ்வரி பக்கம் காவிரி அழகாக இருக்கிறதே என்று தூண்டிலோடு கிளம்பிவிடாதீர்கள். அது சரணாலயம், அங்கே இப்போது தூண்டில் போட விடுவதில்லை.

சிவாஜிநகர் சுரேஷ்:

தாத்தா, ஞாயிற்றுக்கிழமை நானும் அந்தக் குட்டைக்கு வரலாமா? குடல் கொண்டு வரவில்லை, சத்தியமாக. மாலா அக்கா வீட்டுப் புழுவே வாங்கிக்கொள்கிறேன். அக்கா, ஒரு டப்பா என்ன விலை?

மாடித்தோட்டம் மாலா:

விலை எல்லாம் வேண்டாம். டப்பாவைத் திருப்பித் தாருங்கள். வரும்போது ஒரு மூட்டை காய்ந்த இலை கொண்டு வாருங்கள், குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டுங்கள்.